நாலாம் கதவு

"என்ன டேங்க் அக்கா, வீட்டுக்காரர் வந்துட்டாராமே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாங்க என்ன பங்கா கேக்கப் போறோம்?"

கையில் பிளாஸ்டிக் குவளையோடு இஸ்திரிக்காரர் இதைக் கேட்டபோது விடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவள் கழிப்பறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். குச்சியைச் சுற்றிய கை அப்படியே நின்றது.

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நாலாம் நம்பர்ல அவருதானே இருக்காரு. நான் கனைச்சேன், உள்ளேயிருந்து பதில் வந்துச்சு. ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. அந்தத் தொண்டை இந்த ஊர்ல வேற யாருக்கு இருக்கு?"

"நானும் கேட்டேன்க்கா," என்றான் பின்னால் நின்றவன். "ஊர்ல இருந்து வந்த மனுஷன் நேரா இங்கேதான் வந்திருக்காரு. பாவம், வண்டியில அடக்கிக்கிட்டே வந்திருப்பாரு."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது.

அந்தக் குடியிருப்பில் இருநூறு வீடுகள். இருநூறு வீட்டுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு கதவுகள். ஆண்கள் பக்கம் ஆறு, பெண்கள் பக்கம் ஆறு. நடுவில் கூரையைத் தொடாத ஒரு சுவர். வாசலை ஒட்டித் தண்ணீர் டேங்க். டேங்குக்கு அடியில் ஓர் அறை. அந்த அறையில் குடியிருந்துகொண்டு பன்னிரண்டையும் கழுவிக் காவல் பார்ப்பவள் என்பதால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் டேங்க் அக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் அவளுக்கே சட்டென்று வாயில் வராது.

கட்டிக் கொடுத்தவர்கள் தகரக் கதவு போட்டார்கள், தாழ்ப்பாளும் போட்டார்கள். ஆசிட்டும் பிளீச்சிங்கும் பட்டு, முதல் மழைக்குள் தாழ்ப்பாள் எல்லாம் துருவேறி உதிர்ந்தது. மாற்றிப் போட்டதை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். தரை வேறு ஒரு பக்கமாக இறங்கிவிட்டதால் கதவுகள் தாமாக வந்து சாத்திக்கொள்ளும். உள்ளே ஆள் இருந்தாலும் சாத்தியிருக்கும், இல்லாவிட்டாலும் சாத்தியிருக்கும். ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் தள்ளி, மானம் போய், சண்டை வந்து, ஒரு மண்டையும் உடைந்தது. அப்போது அவள் புருஷன்தான் வழி சொன்னார். குழாய் வேலைக்காரர்; அந்தக் கழிப்பறைக்குக் குழாய் பதித்தவரும் அவர்தான். "தாழ்ப்பாள் எதுக்குய்யா? ஆளுக்கொரு தொண்டை இருக்கில்ல?" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். வெளியே நிற்கிறவர் ஒரு தரம் கனைக்க வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்குக் கனைக்கும். பதில் வந்தால் கதவைத் தொடக் கூடாது. வராவிட்டால் தள்ளிக்கொண்டு போகலாம். நடை பழகும் பிள்ளைக்குக்கூட அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். வாய் பேசாத தையல்காரி மட்டும் குவளையால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். ஆறு வருஷத்தில் எந்தக் கனைப்பு யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு எல்லோருக்கும் பழகிவிட்டது. குழாய்க்காரருடையது சிமெண்டுத் தூசி தின்ற தொண்டை. இரண்டு முறை சின்னதாக வெட்டும். மூன்றாவது, மரம் அறுக்கிற மாதிரி நீளமாக இழுத்துக்கொண்டு போகும்.

பத்து மாசத்துக்கு முன்னால், மழை விட்ட கையோடு, ஒரு மேஸ்திரி கூப்பிட்டார் என்று தொலைவில் ஒரு ஊருக்குப் போனார். அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் பள்ளம் தோண்டிப் பெரிய குழாய் பதிக்கிற வேலை. ஆறு மாசம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மேஸ்திரியின் போனிலிருந்து பேசினார். அப்புறம் இல்லை. இவள் கூப்பிட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. மரியாதையாகத்தான் சொன்னது. நாலு மாசமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

குச்சியைப் போட்டுவிட்டு எழுந்து ஆண்கள் பக்கம் போனாள். வரிசை ஒதுங்கி வழி விட்டது. நாலாம் கதவுக்கு முன்னால் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டப்படி ஒரு தரம் கனைத்தாள்.

உள்ளேயிருந்து வந்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

"வந்தது வந்தீங்க, வீட்டுல ஒரு எட்டு தலை காட்டிட்டு வரக் கூடாதா?" என்றாள். "சரி, நிதானமா வாங்க. சோறு வடிச்சு வைக்கிறேன்."

அறைக்கு ஓடி, ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டாள். இருந்த இரண்டு முட்டையையும் வெங்காயத்தோடு பொரித்தாள். பெட்டி மடிக்கிற கம்பெனிக்குக் கிளம்பி நின்ற மகள், தலை சீவிய சீப்போடு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள்.

"அம்மா, நானும் கேட்டேம்மா. சுவருக்கு அந்தப் பக்கம். அப்பாதான். நான் ‘அப்பா’ன்னு கூப்பிடப் போனேன், பக்கத்துல எல்லாரும் இருந்தாங்களா, வெக்கமாப் போச்சு."

"கம்பெனிக்குப் போகலையா?"

"அப்பாவைப் பாத்துட்டுப் போறேன்."

பாத்திரத்தில் ஆவி அடங்கியது. முட்டையின் மேல் எண்ணெய் உறைந்தது. பத்து மணிக்கு வரிசை ஓய்ந்து, வந்தவன் போனவன் எல்லாம் வேலைக்குப் போய்விட்டான். ஐந்து கதவுகளிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். நாலாம் கதவிலிருந்து வந்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

"பின்பக்கமா போயிருப்பாரோ?" என்றாள் மகள்.

பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் சாக்கடை வாய்க்கால்.

மத்தியானம் கழுவப் போகும்போது அவள் மறுபடியும் கனைத்தாள். பதில் வந்தது. அன்றைக்கு மற்ற ஐந்தையும் தேய்த்துக் கழுவிவிட்டு, நாலாவதற்கு மட்டும் கதவுக்கு அடியில் இருந்த விரலளவுச் சந்து வழியாக வெளியிலிருந்தே ஒரு வாளித் தண்ணீரை வீசிவிட்டு வந்தாள். உள்ளே ஆள் இருக்கும்போது தள்ளக் கூடாதல்லவா?

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

இதில் அதிசயம் என்னவென்றால், யாரும் பயந்து ஓடவில்லை. பயப்படுகிற விஷயமாக அதை யாரும் எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு மனுஷன் உள்ளே இருக்கிறேன் என்று கனைத்த பிறகு கதவைத் தள்ளுவது எப்படி என்பதுதான் அவர்களுடைய சங்கடம். ஆறு வருஷமாகக் கைக்குப் பழகிய மரியாதை. காலையில் வந்து கனைப்பார்கள், பதில் வரும், "குழாய்க்காரர் இருக்காரு" என்று அடுத்த கதவுக்கு நகர்ந்துவிடுவார்கள். நாலாம் நாளிலிருந்து "குழாய்க்காரர் இருக்காரு" என்பதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் வயிறு மரியாதை பார்க்காது. ஆறு கதவுக்கே அடித்துக்கொள்ளும் வரிசை ஐந்து கதவுக்கு நின்றது. வேலைக்கு நேரமாகிறவர்கள் நெளிந்தார்கள். ஏழாம் நாள் காலையில், சுவருக்குப் பின்னால் வாய்க்கால் ஓரம் புதிதாக ஆள் நடந்த தடத்தை அவள் பார்த்தாள். பழைய நாற்றம் திரும்பி வந்திருந்தது. அந்த வாய்க்காலில் வழுக்கி விழுந்து செத்தவர்களும், அந்தத் தண்ணீரால் பேதி கண்டு போன பிள்ளைகளும் எத்தனை பேர் என்று குடியிருப்புக்குத் தெரியும். அதற்காகத்தானே மூணு வருஷம் நடையாய் நடந்து, மனுப் போட்டு, மறியல் செய்து இந்தப் பன்னிரண்டு கதவை வாங்கினார்கள்.

எட்டாம் நாள் இஸ்திரிக்காரர் அறை வாசலுக்கே வந்தார். குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"அவரு நமக்கெல்லாம் வேண்டியவரு. இதுக்குக் குழாய் போட்டதே அவருதான். ஒரு கதவு என்ன, அவருக்கு மூணு கதவு விட்டுக் குடுக்கலாம். ஆனா ஜனம் வாய்க்காலுக்குப் போக ஆரம்பிச்சிருச்சு."

"பாத்தேன்."

"நாங்க தள்ள முடியாது. முறையில்ல. புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன வெக்கம்? நீங்க தள்ளலாம்." இதைச் சொல்லிவிட்டு, சட்டையில் இல்லாத சுருக்கத்தைக் கையால் நீவினார். "தள்ளிப் பாத்துட்டு, இருந்தா கூட்டிக்கிட்டு வாங்க. இல்லேன்னா..."

"இல்லேன்னா?"

"அடுப்புல கரி போட்டுட்டு வந்தேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் கொழுந்தன் வந்தான். தள்ளுவண்டியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். அண்ணன் போன நாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவையாவது வந்து, தண்ணீர் வருகிறதா, வால்வு ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவான். அவள் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே தட்டைப் பார்த்துப் பேசினான்.

"அண்ணி, நான் கிளம்பறேன். அந்த வேலை நடக்கிற இடத்துக்கு. ரெண்டு நாள் போக, ரெண்டு நாள் வர. நேர்ல போயிக் கேட்டுட்டு வந்துர்றேன்."

"இதையே எத்தனை தடவை சொல்லுவே? வேணாம்."

"நாலு மாசமா வேணாம் வேணாம்னா எப்படி அண்ணி? மேஸ்திரி இருப்பாரு, கூட வேலை செஞ்சவங்க இருப்பாங்க. கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க. அதான் வேணாங்கறேன்." அவள் குழம்பை அவன் சோற்றில் ஊற்றினாள். "கேட்டா ஒரு பதில் சொல்லுவாங்க. அதை நீ தூக்கிக்கிட்டு வருவே. வண்டியில மூட்டை கொண்டாந்து இறக்கற மாதிரி இந்த வாசல்ல இறக்குவே. அப்புறம் அதை நான் எங்கே வைக்கிறது, இந்த ஒத்தை அறையில?"

"கதவைத் தள்ளவும் மாட்டேங்கறீங்களாம். இஸ்திரியண்ணன் சொன்னாரு."

"உங்க அண்ணன் உள்ளே இருக்காரு. எப்படித் தள்ளறது?"

"அண்ணி." அவன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "எட்டு நாளா ஒருத்தர் உள்ளே இருப்பாரா?"

அவள் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினாள். இருப்பாரா மாட்டாரா என்று அவளுக்குத் தெரியாதா? பத்து வரை எண்ணத் தெரிந்தவளுக்கு எட்டு எண்ணத் தெரியாதா? ஆனால் ஒன்று. தள்ளாத வரைக்கும் அந்தக் கதவுக்குப் பின்னால் அவர் இருக்கிறார். தள்ளிவிட்டால் வெறும் பீங்கான் இருக்கும். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் தகரம். அதைத் தொடாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவளுக்குப் புருஷன் இருக்கிற நாள்.

மகளும் இப்போது கம்பெனிக்குச் சரியாகப் போவதில்லை. பெண்கள் பக்கம் நாலாம் கதவுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா. மெதுவாகக் கனைப்பாள், பதில் வரும், மறுபடி கனைப்பாள். வெளியே பெண்கள் கூச்சல் போட்டால்தான் எழுந்து வருவாள். ஒன்பதாம் நாள் காலையில் அப்படி வந்தவளை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னடி பண்றே உள்ளே?"

"அப்பா பேசறாரும்மா."

"பேசறாரா? என்ன பேசறாரு?"

"பேச்சு இல்ல. கனைக்கிறாரு. நான் ஒண்ணு கனைச்சா அவரு ஒண்ணு." மகளின் முகத்தில் தூக்கமில்லாத ஒரு மினுக்கம் இருந்தது. "ஆனா அம்மா, இன்னிக்கு நான் சும்மா இருந்தேன். நான் கனைக்கவே இல்ல. அவராவே கனைச்சாரு. உள்ளே இருக்கிறவங்க பதிலுக்குத்தானே கனைக்கணும்? அப்பா, வெளியே நிக்கிறவரு மாதிரி, யாராவது இருக்கீங்களான்னு கேக்கறாரும்மா."

அவளுக்கு முதுகுத்தண்டில் ஈரத் துணி போர்த்திய மாதிரி இருந்தது.

"நீ என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல. பதில் சொல்லாம இருந்தா அப்பா வருவாரு இல்ல?"

மகளின் கை மணிக்கட்டு அவள் பிடிக்குள் எலும்பாகத் தட்டுப்பட்டது. எட்டு நாளில் இவ்வளவு இளைத்திருக்கிறாள். இத்தனை நாளும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பெற்ற பிள்ளையைப் பார்க்கவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு, சோற்றைக் கட்டிக் கொடுத்து, அன்றைக்கும் வந்து நின்ற கொழுந்தனின் வண்டியில் ஏற்றி மகளைக் கம்பெனி வாசல் வரைக்கும் அனுப்பினாள். "உள்ளே போறதைப் பாத்துட்டு வா தம்பி," என்றாள்.

பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் நிற்கும். நாலு மணி வரைக்கும் கழிப்பறையில் ஆள் இருக்காது. வெயில் கூரைத் தகரத்தில் ஏறி, தகரம் டிக் டிக்கென்று தெறிக்கும். அந்தச் சத்தமும், எங்கோ ஒரு குழாயில் சொட்டுகிற சத்தமும்தான். அவள் வாளி, துடைப்பம், பிரஷ் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் போனாள். கொழுந்தன் திரும்பி வந்து, வாசல் ஓரத்துத் தொட்டியில் வண்டிச் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று கழுவினாள். நாலில் நின்றாள். கனைத்தாள்.

பதில் வந்தது.

"ஏங்க," என்றாள், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று. "எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பீங்க? கால் மரத்துப் போகலையா? வீட்டுல இருக்கும்போதே உங்களுக்கு இதுக்கு அரை மணி நேரம் ஆகும். ‘உள்ளே என்ன குழாயா பதிக்கிறீங்க’ன்னு நான் திட்டுவேன். இப்ப ஒன்பது நாள். ஊரே வரிசையில நிக்குது. நீங்க போட்ட குழாய், நீங்க போட்ட சட்டம், நீங்களே குந்திக்கிட்டா மத்தவங்க எங்கே போவாங்க? வாய்க்காலுக்குப் போறாங்க. நல்லாவா இருக்கு?"

தகரம் தெறித்தது.

"நான் கோவிச்சுக்கல. ரெண்டு முட்டை பொரிச்சேன், கெட்டுப் போச்சு, கொட்டினேன். அதுகூடப் பரவாயில்ல. ஆனா நீங்க பிள்ளையைக் கூப்பிடறீங்க. அது மட்டும் வேணாம். அவ போக வேண்டிய தூரம் நிறைய இருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் தள்ளப் போறேன். பொண்டாட்டிதானே. தப்பில்ல."

தள்ளினாள்.

ஆள் இல்லை. அது அவளுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று இருந்தது. ஒன்பது நாளாக வாளி வாளியாக அவள் உள்ளே வீசிய தண்ணீரின் ஈரம் நிலைப்படியோடு நின்றிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் தரை வறண்டு, வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பீங்கானுக்குள் தண்ணீர் இல்லை. மூலையில் மண். சிவந்த, புது மண். பள்ளம் வெட்டும்போது அடியிலிருந்து வருமே, அந்த மாதிரி. அந்தக் குடியிருப்பு முழுக்கத் தோண்டினாலும் கறுப்புச் சேறுதான் வரும். சிவப்பு மண் வராது.

அவள் உள்ளே காலை வைத்துக் குனிந்து அந்த மண்ணைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. அவளுக்குப் பின்னால், எப்போதும் போல, கதவு தானாக வந்து சாத்திக்கொண்டது.

செருப்புச் சத்தம் கேட்டது. வெளியே, நடையில். ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து வருகிற நடை. ஒன்றாம் கதவு, இரண்டாம் கதவு, மூன்றாம் கதவு. நாலுக்கு முன்னால் நின்றது. கதவுக்கு அடியிலிருந்த விரலளவு வெளிச்சத்தில் நிழல் விழுந்தது.

கனைப்பு வந்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. இந்தத் தடவை வெளியிலிருந்து.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பதில் வராவிட்டால் தள்ளிக்கொண்டு வரலாம். அதுதான் சட்டம். சும்மா இருந்தால் போதும். அசையாமல் இருந்தால் போதும். பத்து மாசம் கழித்து அந்த முகம். ஒரு விநாடி போதும் என்று மனசு சொன்னது. தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அந்த வெயிலில் தகரம் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. மெல்ல, மிக மெல்ல, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாரம் அதன்மேல் சாய்வது உள்ளங்கைக்குத் தெரிந்தது. பொறுமையான பாரம். அவர் எப்போதுமே பொறுமைக்காரர்தான்.

மறுபடி கனைத்தது.

மகளின் மணிக்கட்டு ஞாபகம் வந்தது.

அவள் கனைத்தாள். தொண்டை கிழிகிற மாதிரி, ஆள் இருக்கிறது என்று, வெளியே ஒருவருக்கும் சந்தேகம் வராதபடி கனைத்தாள்.

பாரம் விலகியது. நிழல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு செருப்புச் சத்தம் ஐந்து, ஆறு என்று போனது. ஆறுக்கு அப்புறம் சுவர். சத்தம் சுவருக்கு முன்னால் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்து, தேய்ந்து, இல்லாமல் போனது.

அவள் வெளியே வந்தபோது கொழுந்தன் கையில் ஈரத் துணியோடு நடையின் முனையில் நின்றிருந்தான். முகம் வெளிறியிருந்தது.

"யாரு அண்ணி இருமினது?"

"நான்தான்."

"கதவு சாத்தினப்புறம் மூணு தடவை கேட்டுச்சே."

"மூணும் நான்தான்." அவள் வாளியை எடுத்து, மிச்சமிருந்த தண்ணீரை நாலாம் கதவுக்குள் ஊற்றினாள். தரை அதை வாங்கிக்கொண்டு கறுத்தது. சிவப்பு மண் கரைந்து ஓடையாகப் பீங்கானுக்குள் இறங்கியது. மண் போகும் வரைக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"தம்பி, சாயங்காலம் வண்டி இருக்கா, அந்த ஊருக்கு?"

"இருக்கு."

"போயிட்டு வா."

"மேஸ்திரியைப் பாத்து, அண்ணன் இருக்காரான்னு..."

"அதைக் கேக்காதே," என்றாள். "அதைக் கேட்டா ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. எந்தப் பள்ளம்னு கேளு."